அப்பச்சிக்கு ஏஎஃப் இனி நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் மாத்திரை எதற்கு என்கிறார்

பள்ளத்தூரான் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வயது 73. அவரும் ஆத்தாவும் பள்ளத்தூர் வீட்டில், நான் சென்னையில். 2015-இல் கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஈசிஜி எடுத்தபோதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏஎஃப், இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) இருப்பது தெரிந்தது. அதற்கு முன் படபடப்பு என்று அவர் சொன்னதே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், வயதாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு.

இரண்டு தடவை ஷாக் கொடுத்து நாடியைச் சீராக்கினார்கள். முதல் தடவை எட்டு மாதம் தாங்கியது, இரண்டாவது தடவை மூன்றே வாரம். நாடியைச் சீராக வைக்க அமியோடரோன் மாத்திரை கொடுத்தார்கள், தைராய்டு கெட்டுப்போய் அதையும் நிறுத்தவேண்டி வந்தது. போன மாத எக்கோவில் இதயத்தின் இடது மேலறை 5.2 செ.மீ.-க்கு விரிந்திருந்தது. "இனி நாடியைச் சீராக்கும் முயற்சி வேண்டாம், இப்படியே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, மெட்டோப்ரோலாலும், அபிக்சபான் 5 மி.கி. காலையும் இரவும் தொடரச் சொன்னார் டாக்டர்.

அன்றிலிருந்து அப்பச்சி ஆளே மாறிவிட்டார். "சரியாகாது என்று ஆனபிறகு மாத்திரை எதற்கு?" என்கிறார். போன வாரம் ஆத்தா பீரோவில் சேலை எடுக்கப் போனபோது அபிக்சபான் அட்டைகள் பிரிக்காமல் கிடந்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் சாப்பிடவே இல்லை. கேட்டதற்கு, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, அதனால் இரவு மட்டும் போடுகிறேன் என்றாராம். சில நாள் அதுவும் இல்லை.

டாக்டர் கைவிட்டுவிட்டாரா? அப்லேஷன் (இதயத்துக்குள் கோளாறான இடத்தைச் சுட்டு அடைப்பது) செய்தால் சரியாகுமா? எல்லாவற்றுக்கும் மேலே, அவரிடம் என்ன சொல்வது?


தேவகோட்டை சிஸ்டர் | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, முதலில் அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அப்லேஷன் பேச்செல்லாம் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று இரவு மாத்திரையை அவர் போட்டுக்கொண்டாரா என்று ஊருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

நான் அரசு மருத்துவமனை இதயப் பிரிவில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். அப்பச்சி கேட்ட கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஏஎஃப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகள் இரண்டு வேலைக்காக. ஒன்று, நாடியின் வேகத்தைப் பிடித்து வைக்க, அது மெட்டோப்ரோலால். இன்னொன்று, இதயத்துக்குள் ரத்தம் கட்டியாக உறைந்துவிடாமல் இருக்க, அது அபிக்சபான். நாடியைச் சீராக்குவது அபிக்சபானின் வேலையே இல்லை. நாடி சீராகாமலே இருக்கப் போகிறது என்றால் அந்த மாத்திரையின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஏன் உறைகிறது என்றால், ஏஎஃப்பில் மேலறை சுருங்கி விரிவதில்லை, நடுங்கிக்கொண்டே இருக்கும். மின் அலை நிமிடத்துக்கு முந்நூறு, நானூறுக்கு மேல் ஓடும். இடது மேலறையோடு ஒட்டி ஒரு சின்னப் பை உண்டு. அதற்குள் ரத்தம் நம் ஊருணி மூலையில் தண்ணீர் நிற்பதுபோல அசையாமல் நிற்கும். நின்ற ரத்தம் உறையும். அந்தக் கட்டி பிய்ந்து போனால் பெரும்பாலும் நேரே மூளைக்குத்தான். ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. வெளியே படபடப்பே தெரியாதவருக்கும் இதுதான்.

'நிரந்தரம்' என்ற சொல்தான் அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. ஏஎஃப் தானாக வந்து ஏழு நாளுக்குள் போனால் ஒரு பெயர், ஏழு நாளுக்கு மேல் நின்றால் ஒரு பெயர், ஒரு வருடத்துக்கு மேல் நின்றால் ஒரு பெயர். நிரந்தரம் என்பது நோய் முற்றிவிட்டது என்பதற்கான பெயர் அன்று. இனிச் சீராக்கப் பார்க்கவேண்டாம், வேகத்தையும் உறைதலையும் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து எடுக்கும் முடிவுக்குப் பெயர். இந்த முடிவோடு இருபது வருடம் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.


செக்காலை ரோடு | திங்கள், காலை 6.48

சிஸ்டர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அவ்வளவு சீக்கிரம் சீராக்கும் முயற்சியை விடக்கூடாது என்பது என் கருத்து. எனக்கு 52 வயதில் ஏஎஃப் வந்தது. இரண்டு மணி நேரம் துடிக்கும், தானாக நிற்கும், பத்து நாள் கழித்துத் திரும்ப வரும். கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வரும். சென்னையில் அப்லேஷன் செய்துகொண்டேன். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளின் வாயில்தான் இந்தக் கோளாறான பொறி கிளம்புகிறது என்று 1998-இல் பிரான்சில் பொர்தோ ஊர் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வாயைச் சுற்றிச் சுட்டு மின்சாரம் கடக்காமல் அடைத்துவிடுகிறார்கள். எனக்கு நான்கு வருடமாக ஏஎஃப் இல்லை.

2020-இல் வந்த ஈஸ்ட் (EAST) என்ற ஆய்வில், ஆரம்பத்திலேயே நாடியைச் சீராக்கப் பார்த்தவர்களுக்குப் பக்கவாதமும் இதயச் சாவும் குறைந்தன. அதனால் இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கும் நாடி நிபுணர் ஒருவரிடம் இன்னொரு கருத்துக் கேளுங்கள். ஒரே டாக்டர் சொன்னதோடு நிறுத்தாதீர்கள்.


தேவகோட்டை சிஸ்டர் | திங்கள், காலை 9.30

இன்னொரு கருத்துக் கேட்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் நீங்கள் சொல்லும் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஏஎஃப் கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் இருந்தவர்கள். அப்பச்சிக்குப் பத்து வருடம் ஆகிவிட்டது, மேலறையும் விரிந்துவிட்டது. மேலறை விரிய விரிய, தசைக்குள் நார் ஏற ஏற, சுட்டு அடைத்தாலும் திரும்ப வருவது அதிகம். உங்களுக்கு வந்து வந்து போன ஏஎஃப், சின்ன வயது, சரியான நேரத்தில் செய்தீர்கள். அதை அப்படியே 73 வயதுக்குப் பொருத்தக்கூடாது.

இன்னொன்றையும் சொல்கிறேன். 2002-இல் அஃபர்ம் என்று ஒரு பெரிய ஆய்வு, நாலாயிரம் பேருக்கு மேல். பாதிப் பேருக்கு நாடியைச் சீராக்கப் பார்த்தார்கள், பாதிப் பேருக்கு வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தினார்கள். சீராக்கப் பார்த்தவர்கள் ஒன்றும் கூடுதலாக வாழவில்லை. இரண்டு பக்கமும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை (ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்து) நிறுத்தியவர்கள், அல்லது ஐஎன்ஆர் (அந்த மருந்து போதுமா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) போதாமல் இருந்தவர்கள். ஷாக்கில் நாடி சீராகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று விட்டவர்களும் அதில் உண்டு. உங்கள் அப்பச்சி இதே தவற்றை மறுபக்கத்திலிருந்து செய்கிறார்.

ஆபத்துக்கு டாக்டர்கள் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1, 65 முதல் 74 வயதுக்கு 1. அப்பச்சிக்கு இன்றே 3. இரண்டு வருடம் கழித்து 75 ஆகும்போது வயதுக்கு மட்டும் 2, மொத்தம் 4. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் அதற்கு 2. ஆணுக்கு 2 புள்ளி வந்தாலே ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டும் என்பார்கள். இந்தக் கணக்கில் நாடி சீரா இல்லையா என்பதற்குப் புள்ளியே கிடையாது.


செக்காலை ரோடு | திங்கள், மதியம் 1.15

சரி சிஸ்டர், அந்த ஒரு வருடக் கணக்கு எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்லேஷனுக்குப் பிறகு ரத்த மாத்திரையை நிறுத்தவில்லை. நாடி நன்றாக இருக்கிறதே என்று கேட்டபோது, உங்கள் புள்ளியைப் பார்த்துத்தான் மாத்திரை, ஈசிஜியைப் பார்த்து இல்லை என்று டாக்டர் சொன்னார். அப்போது புரியவில்லை.


மருதமரம் | திங்கள், மாலை 4.40

இதயத்துக்கு மருதம்பட்டைக் கஷாயம் நம் முன்னோர் கொடுத்தது. எங்கள் ஐயா கடைசிவரை அதைத்தான் குடித்தார். இந்த இங்கிலீஷ் மருந்தை விட்டுவிட்டு அதைக் குடிக்கச் சொல்லுங்கள். ரத்தம் கசிவதும் நின்றுவிடும்.


மருந்துக்கடை, புதுவயல் | திங்கள், இரவு 8.20

ஐயா, மருதம்பட்டை மேல் எனக்கும் மரியாதை உண்டு, எங்கள் வீட்டிலும் இடித்து வைத்திருப்போம். ஆனால் ஏஎஃப்பில் உறைகட்டி வராமல் அது தடுக்கும் என்று யாரும் காட்டவில்லை. அபிக்சபானுக்குப் பதிலாக அதைக் குடிப்பவருக்குப் பாதுகாப்பே இல்லை. கூடச் சேர்த்துக் குடிப்பதென்றாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிக்கவேண்டும். தினமும் ஒரு ஆஸ்பிரின் போதாதா என்றும் கடைக்கு வந்து கேட்கிறார்கள். போதாது. ஏஎஃப்பில் ஆஸ்பிரின் தடுப்பது கொஞ்சம், கசிவு மட்டும் உண்டு.

பள்ளத்தூர் அண்ணே, முக்கியமான ஒன்று. உடம்பில் அபிக்சபானின் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதனால்தான் காலையும் இரவும். இரவு மட்டும் போட்டால் மறுநாள் மதியத்துக்குமேல் பாதுகாப்புக் கரைந்துவிடும். இதே வேலை செய்யும் ரிவராக்சபான் என்றால் சாப்பாட்டோடு போடவேண்டும், வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. டபிகட்ரான் கேப்ஸ்யூலை உடைத்துக் கொட்டிச் சாப்பிடக்கூடாது. எல்லாம் 'ரத்த மாத்திரை' என்று ஒரே பெயரில் போய்க்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பழக்கம் வேறு.

விலையும் ஒரு காரணமாக இருக்கலாம், பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன, முன்பைவிட நிறையக் குறைந்துவிட்டது. டாக்டரிடம் கேட்டு ஜெனரிக் மாற்றிக்கொள்ளலாம். சிறுநீரக ரத்தப் பரிசோதனை வருடம் ஒரு முறையாவது எடுங்கள். 80 வயது, 60 கிலோவுக்குள் எடை, கிரியாட்டினின் 1.5-க்கு மேல், இதில் இரண்டு சேர்ந்தால் அளவைப் பாதியாக்குவார்கள். அந்த முடிவு டாக்டருடையது, நம்முடையது இல்லை.


குன்றக்குடி மயில் | திங்கள், இரவு 9.55

என் கதை வேறு, ஆனால் இங்கே படிப்பவர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனது. பலூன் வைத்து விரித்தார்கள். 23 வருடமாக ஏஎஃப், 23 வருடமாக அசிட்ரோம் (வார்ஃபரின் மாதிரிப் பழைய ரத்த மாத்திரை). புது மாத்திரைகளுக்கு மாற்றக்கூடாதா என்று நானும் கேட்டேன். வால்வு இப்படிச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய மருந்துதான். 2022-இல் மூட்டுக் காய்ச்சல் இதய நோயாளிகளிடமே ரிவராக்சபானை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பழைய மருந்துதான் நன்றாக இருந்தது. அதனால் இந்த இழையைப் படித்துவிட்டு அசிட்ரோமை யாரும் தாமாக மாற்றிவிடாதீர்கள்.

ஐஎன்ஆர் எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டும். கல்யாணமான புதிதில் கீரையே தொடாதே என்று பயமுறுத்தினார்கள், பத்து வருடம் முருங்கைக்கீரை தொடாமல் இருந்தேன். அது தேவையே இல்லை. கீரையை நிறுத்தவேண்டாம், அளவை மாற்றாமல் இருந்தால் போதும். ஒரு ஆடி மாதம் அம்மா வீட்டில் இருந்தபோது தினமும் கீரை, ஐஎன்ஆர் 1.3-க்கு இறங்கியது. இன்னொரு தடவை வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் சாப்பிட்டு 6-க்கு ஏறியது, மூக்கில் ரத்தம். இப்போது யார் என்ன மாத்திரை கொடுத்தாலும் முதலில் அசிட்ரோம் அட்டையைத்தான் காட்டுகிறேன்.


பள்ளத்தூரான் | செவ்வாய், இரவு 8.30

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிறு இரவே ஆத்தாவிடம் பேசி மாத்திரை கொடுக்க வைத்தேன். இன்று பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஈறு வீங்கியிருக்கிறது, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவேண்டும், அதற்கு ரத்த மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அப்பச்சிக்கு இதில் சந்தோஷம்தான். பார்த்தாயா, நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று அவர்களே சொல்கிறார்கள் என்கிறார்.

இன்னொன்று. முப்பது வருடமாகப் பழநிக்கு நடக்கிறார். இந்தத் தைப்பூசத்துக்கும் போகவேண்டும் என்கிறார். விடலாமா?


தேவகோட்டை சிஸ்டர் | செவ்வாய், இரவு 9.02

நிறுத்தாதீர்கள் தம்பி. நாளை காலை இதய டாக்டருக்குப் போன் செய்யாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். என் வீட்டுக்காரர் தமிழாசிரியர். அவருக்கும் ஏஎஃப், அவரும் இதே மாதிரி மாத்திரையில் இருந்தவர். பல் பிடுங்க ஐந்து நாள் நிறுத்தச் சொன்னார்கள். நான் வெளியூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தேன். போனில் சொன்னார், சரி, டாக்டர் சொன்னால் சரி என்று நானும் சொல்லிவிட்டேன். 31 வருடம் அந்த வார்டில் நின்றவள், சரி என்று சொல்லிவிட்டேன். பல் பிடுங்கி, ரத்தம் நிற்கட்டும் என்று அவராக இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போட்டிருக்கிறார். எட்டாம் நாள் காலை திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. பக்கத்து வீட்டுப் பையன் பார்த்து ஓடி வந்தான். வாய் கோணியிருந்தது. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனார்கள், அங்கே சிடி ஸ்கேன் இல்லை. அங்கிருந்து இன்னொரு இடம். நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டிய கட்டி கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது. கை கால் ஓரளவு திரும்பியது. சொற்கள் திரும்பவில்லை.

ஒரு பல் பிடுங்குவதற்கு இந்த மாத்திரைகளைப் பல நாள் நிறுத்தத் தேவையில்லை. பெரும்பாலும் நிறுத்தாமலே செய்வார்கள், அல்லது அன்று காலை ஒரு வேளையைத் தள்ளிப் போடச் சொல்வார்கள். பஞ்சு வைத்து அழுத்தி, தையல் போட்டு நிறுத்திவிடலாம். பல் டாக்டரும் இதய டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசட்டும், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சுத்தம் செய்தால் ஈறு ரத்தமும் குறைந்துவிடும். மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. தலையில் பட்டது சின்ன அடியாக இருந்தாலும் போகவேண்டும்.

ஆத்தாவிடம் இதையும் சொல்லி வையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால் 108. சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி எது என்று இன்றே விசாரித்து எழுதி வைக்கவேண்டும், அன்றைக்குத் தேடக்கூடாது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, இந்த இரண்டையும் அங்கே கேட்பார்கள். அட்டையைக் கையோடு எடுத்துப் போகவேண்டும்.


குன்றக்குடி மயில் | செவ்வாய், இரவு 9.50

சிஸ்டர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. எங்களுக்காக எழுதினீர்கள்.

பழநி நடை பற்றி. நான் பாதையில் கொஞ்ச தூரம் நடப்பேன், பிள்ளையார்பட்டி தாண்டிச் சிங்கம்புணரி வரை. அப்புறம் வண்டி. போகும் முன் டாக்டர் என்னை நடக்கவிட்டு நாடி எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். சும்மா இருக்கும்போது 80 இருந்தாலும் நடந்தால் 150-க்குத் தாவும் ஆட்கள் ஏஎஃப்பில் உண்டு, அதைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். வழியில் கால்வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை கொடுப்பார்கள், இடுப்பில் ஊசியும் போடுவார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் அப்பச்சிக்கு இரண்டும் ஆகாது. வயிற்றில் ரத்தம் கசியும், ஊசி போட்ட இடம் கட்டிப்போகும். வலிக்கு பாராசிட்டமால் மட்டும். எனக்குக் காவடிக்காரர்கள் யாரும் முகம் சுளித்ததில்லை. வண்டியில் வந்து படியேறினாலும் அதே முருகன்தான்.


பள்ளத்தூரான் | அடுத்த ஞாயிறு, இரவு 8.05

ஊருக்கு வந்திருக்கிறேன். புதனன்று இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டார்கள். நிறுத்தவில்லை. நேற்றுக் காலை மாத்திரையை மட்டும் தள்ளிவைத்துப் பல்லைப் பிடுங்கினார்கள், இரண்டு தையல். இரவு ஒன்பது மணி மாத்திரையை என் கண் முன்னால் போட்டார். நாடி நிபுணரிடமும் கேட்டோம். அப்லேஷனில் இவருக்குக் கிடைக்கப்போவது குறைவு, மூச்சு வாங்குவது கூடினால் திரும்பப் பார்க்கலாம் என்றார். நடையை இந்த வருடம் கடைசி ஒரு நாள் மட்டும் என்று ஒத்துக்கொண்டார், அதுவும் நாடியைப் பரிசோதித்த பிறகு.

இங்கே எழுதியதையெல்லாம் வளவில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். சிஸ்டர் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் பெட்டகத்திலிருந்து பழைய பேரேடு ஒன்றை எடுத்து, எழுதாத பக்கத்தில் தேதி போட்டுக் காலை, இரவு என்று கோடு கிழித்தார். பர்மாக் கணக்கு எழுதிய பேரேடு, ஐயாவுடையது. அதில் இப்போது இரண்டு நாள் வரவு இருக்கிறது.

இரண்டு கேள்வி. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடலாமா? இன்னொன்று அப்பச்சி சிஸ்டரிடம் கேட்கச் சொன்னது: உங்கள் வீட்டுக்காரர் இப்போது பேசுகிறாரா?


தேவகோட்டை சிஸ்டர் | ஞாயிறு, இரவு 8.40

அப்பச்சியிடம் சொல்லுங்கள், கொஞ்சம் பேசுகிறார். நான் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் சில சொற்களை முடிக்கிறார். என் பெயரும் பேத்தி பெயரும் வருகின்றன. பாட்டாகப் பாடினால் பேச்சைவிட நன்றாக வருகிறது, அதனால் சாயங்காலம் திருப்புகழ் பாடுகிறோம். மாத்திரையை இப்போது நான்தான் கையில் கொடுக்கிறேன், காலை எட்டு, இரவு எட்டு.


மருந்துக்கடை, புதுவயல் | ஞாயிறு, இரவு 9.10

இரண்டாகப் போடக்கூடாது அண்ணே. நினைவு வந்தவுடன் ஒன்று போடலாம், அடுத்ததை வழக்கமான நேரத்துக்குப் போடவேண்டும். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு அந்த வேளைக்கு ஒன்று மட்டும். அட்டையில் பத்து மாத்திரை இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பொங்கல் நாளில் எங்கள் கடையும் மூடியிருக்கும்.